நீரும் நெல்லும் பற்றரியும்: மின்தடங்கல் பற்றிய வாசகர் கேள்விகள்

ஒரு பொருளைத் திறக்காமலும் உடைக்காமலும், அதனூடாக மிகச் சிறிய ஆடலோட்டத்தைச் செலுத்தி அதன் உள்நிலையை அறியும் இம்பீடன்ஸ் நிறமாலையியல் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைத் தொடர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. இம்பீடன்ஸ் என்பது, திசை மாறிமாறி ஓடும் ஆடலோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு; அதற்குப் பாடநூல் வழக்கையொட்டித் தடங்கல் என்றே எழுதுகிறோம்.

கேள்வி: ஐயா, வாவித் தண்ணீரின் உப்புத்தன்மையை ஒப்பிட்டுப் பார்க்க எண்ணி, இரண்டு செப்புக் கம்பிகளை ஒரு கிண்ணத்து நீரில் அமிழ்த்தி மல்டிமீற்றரின் ஓம் பகுதியில் அளந்தேன். வாசிப்பு நிலைக்கவில்லை; ஏறிக்கொண்டே போனது. முனைகளை மாற்றிப் பிடித்தால் முற்றிலும் வேறோர் எண் வருகிறது. பிழை கருவியிலா, நீரிலா?
(உயர்தர மாணவி, கல்முனை)

பதில்: பிழை இரண்டிலும் இல்லை, அளந்த முறையில் உள்ளது. மல்டிமீற்றர் தடையை அளக்க நேரோட்டத்தைப் பயன்படுத்துகிறது. செப்புக் கம்பியில் மின்னைக் கொண்டு செல்பவை இலத்திரன்கள்; உப்பு நீரில் அதைக் கொண்டு செல்பவை சோடியம், குளோரைட்டு போன்ற அயன்கள். கம்பியின் மேற்பரப்பு வரை வந்து சேரும் அயன்கள் உலோகத்துக்குள் நுழைய முடியாமல் அங்கேயே திரள்வதால், நனோமீற்றர் அளவே தடிப்புள்ள ஒரு மின்னேற்றப் படை தோன்றி, மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் கொள்ளளவியைப் போல ஏற்றம் பெறத் தொடங்குகிறது. ஏற்றம் கூடக் கூட மின்னோட்டம் குறைகிறது. கருவியோ அதைத் தடை கூடியதாகக் காட்டுகிறது. முனைகளை மாற்றும்போது, முன்னர் சேர்ந்திருந்த ஏற்றம் இப்போது மின்னோட்டத்துக்குத் துணை நிற்பதால் வாசிப்பு தடுமாறுகிறது.

இந்தத் தொல்லையிலிருந்து விடுபடப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜேர்மனியப் பௌதிகவியலாளர் பிரிட்ரிக் கோல்றவுஷ் ஆடலோட்டத்தைப் பயன்படுத்தினார். ஓட்டத்தின் திசை விரைந்து மாறும்போது அயன்கள் ஒரு பக்கத்தில் திரள்வதற்கு நேரம் கிடைப்பதில்லை. இதை எண்களில் பார்த்தால் விடயம் தெளிவாகும். உலோக மேற்பரப்பில் உருவாகும் அந்தப் படையின் கொள்ளளவம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 20 மைக்ரோபரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவி காட்டும் எதிர்ப்பு, ஒன்றை 2π, மீடிறன் (ஒரு செக்கனில் ஓட்டம் முடிக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை), கொள்ளளவம் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்து வருவது. அதன்படி 1 ஹேர்ட்ஸில் அந்தப் படை ஏறத்தாழ 8000 ஓம் காட்டும். 10 கிலோஹேர்ட்ஸில் 1 ஓமுக்கும் குறைவாகவே காட்டும். ஆனால் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும், ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள இரு தகடுகளுக்கு இடைப்பட்ட கடல்நீரின் தடை 19 ஓம் அளவில்தான் இருக்கும். ஆகவே 10 கிலோஹேர்ட்ஸில் அளப்பவர் நீரை அளக்கிறார். 1 ஹேர்ட்ஸில் அளப்பவர் உலோகத்தின் மேற்பரப்பை அளக்கிறார். கிண்ணமும் கம்பியும் தண்ணீரும் மாறவில்லை. மீடிறன் மட்டுமே மாறியது. இந்த இதழில் வரும் பிற பதில்களுக்கும் இதுவே அடிப்படை.

பரிசோதனையைத் திருத்திச் செய்ய விரும்பினால், செப்புக் கம்பிக்குப் பதிலாகப் பென்சிலின் கரிக்கூர்களைப் பயன்படுத்துங்கள். பாடசாலை ஆய்வுகூடத்துச் சைகைப் பிறப்பாக்கியில் சில கிலோஹேர்ட்ஸ் மீடிறனைத் தெரிந்து, பெறுமானம் தெரிந்த 100 ஓம் தடையொன்றைத் தொடராக இணைத்து, இரண்டின் குறுக்கேயும் உள்ள வோல்ற்றளவுகளைக் கதோட்டுக் கதிர் அலைவுகாட்டியில் ஒப்பிடுங்கள். மலிவான மல்டிமீற்றர்களின் ஆடலோட்டப் பகுதி சில நூறு ஹேர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. வெப்பநிலையையும் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் உப்பு நீரின் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். 25 பாகையில் சாதாரண கடல்நீர் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 53 மில்லிசீமன்ஸ் காட்டும். பாலமீன்மடுப் பக்கத்தில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் எடுத்த நீரையும், மாரி மழையில் வாவி நிரம்பி நிற்கும்போது எடுத்த நீரையும் ஒப்பிட்டால், ஒரு நல்ல செயற்றிட்டத்துக்குத் தேவையான வேறுபாடு அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: நிறமாலை என்றதும் ஒளிதான் நினைவுக்கு வருகிறது. இங்கே நிறமாலை எங்கிருந்து வருகிறது? கட்டுரைகளில் காணப்படும் அரைவட்டத்தையும், அதன் முடிவில் எழும் சாய்கோட்டையும் எப்படி வாசிப்பது?
(ஆசிரியர், களுவாஞ்சிகுடி)

பதில்: ஒளியை மீடிறன் வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பொருள் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதானே நிறமாலையியல்? இங்கே ஒளிக்குப் பதிலாக மின்னோட்டம். 100 கிலோஹேர்ட்ஸ் போன்ற உயர் மீடிறனில் தொடங்கி, படிப்படியாக 10 மில்லிஹேர்ட்ஸ் வரை இறங்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்கிறோம். ஒன்று, வோல்ற்றளவுக்கும் மின்னோட்டத்துக்கும் இடைப்பட்ட விகிதம். மற்றது, மின்னோட்டம் வோல்ற்றளவைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதைக் கூறும் அவத்தைக் கோணம். இவ்விரண்டும் சேர்ந்ததே தடங்கல். தந்திக் கம்பிகளின் கணிதத்தில் ஈடுபட்டிருந்த ஒலிவர் ஹெவிசைட் 1886 இல் இந்தக் கருத்துக்குப் பெயரிட்டார். வெறும் தடைக்கு ஓர் எண் போதும். தடங்கலுக்கு மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று இரண்டு வேண்டும்.

மெய்ப்பகுதியைக் கிடையச்சிலும், குறிமாற்றிய கற்பனைப்பகுதியை நிலையச்சிலும் வைத்து வரைவதே நைக்விஸ்ற் வரைபடம். 20 ஓம் தடையுள்ள கரைசல், அதனோடு தொடராக 1000 ஓம் தடையும் 20 மைக்ரோபரட் கொள்ளளவியும் சமாந்தரமாக இணைந்த ஒரு மேற்பரப்பு என்று எடுத்துக்கொள்வோம். மீடிறன் மிக உயரும்போது கொள்ளளவி குறுக்கு வழியாகிவிடுவதால் புள்ளி 20 ஓமில் நிற்கும். மீடிறன் மிகத் தாழும்போது அந்த வழி அடைபட்டுப் புள்ளி 1020 ஓமில் போய் நிற்கும். இடையிலுள்ள புள்ளிகள் அரைவட்டமாக வளையும். அதன் உச்சி, தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கிவரும் நேரமாறிலியோடு தொடர்புடையது; இந்த உதாரணத்தில் உச்சி 8 ஹேர்ட்ஸில் அமையும். இவ்வாறு ஒரே வரைபடத்திலிருந்து கரைசலின் தடை, மேற்பரப்பில் வினை நடைபெறும் எளிமை, ஏற்றப்படையின் கொள்ளளவம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்தெடுத்துவிடலாம்.

முடிவில் 45 பாகையில் எழும் சாய்கோடு, அயன்கள் பரவல் மூலம் மெதுவாக வந்து சேர்வதன் அடையாளம். அதற்குரிய சமன்பாட்டை எமில் வார்பேர்க் 1899 இல் தந்தார். நடைமுறையில் அரைவட்டங்கள் பெரும்பாலும் அமுங்கியே காணப்படும். மேற்பரப்பு எங்கும் ஒரேசீராக இல்லாததே அதற்குப் பொதுவான காரணம். செலுத்தும் வோல்ற்றளவு வழக்கமாக 5 தொடக்கம் 10 மில்லிவோல்ற் அளவிலேயே வைக்கப்படும். அதற்கு மேல் போனால் மின்வாயில், அதாவது கரைசலைத் தொடும் உலோகத்தில், நடக்கும் வினைகள் நேர்விகிதமாக நடந்துகொள்ள மாட்டா, கணக்கின் அடிப்படையே ஆட்டங்கண்டுவிடும்.

கேள்வி: சிறுபோக நெல்லை ஆலைக்குக் கொண்டு போனபோது அங்கிருந்த ஈரமானி 17 என்று காட்டியது. அதே நெல்லை முதல் நாள் எங்கள் ஊரில் ஒருவரின் கருவியில் பார்த்தபோது 14.5 தான் காட்டியது. இந்த வித்தியாசத்தில் எங்கள் பணம் போகிறது. எதை நம்புவது?
(விவசாயி, சம்மாந்துறை)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. முதலில் கணக்கைப் பார்ப்போம். 17 சதவீத ஈரப்பதனுள்ள 100 கிலோ நெல்லில் நீர் போக எஞ்சுவது 83 கிலோ. அதே நெல்லை, நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்கும் 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் மொத்த நிறை 96.5 கிலோவாகும். 100 கிலோவுக்கு 3.5 கிலோ குறைகிறது. 17 என்பது உண்மையானால் ஆலைக்காரர் அந்த அளவுக்குக் கழிப்பதில் நியாயமுண்டு. உண்மையில்லையானால் அது உங்கள் நட்டம்.

இப்போது கருவிக்கு வருவோம். கையடக்க ஈரமானி எதுவும் நீரை நேரடியாக அளப்பதில்லை. அவற்றுள் பல, நெல் நிரப்பிய கிண்ணத்தின் கொள்ளளவத்தை அளந்து, அதிலிருந்து ஈரத்தை ஊகிக்கின்றன. நீரின் சார்பு அனுமதித்திறன், அதாவது இடையில் அது நிரம்பினால் கொள்ளளவம் எத்தனை மடங்காகும் என்ற எண், ஏறத்தாழ 80; உலர்ந்த தானியத்துக்கு அது ஒற்றை இலக்கத்திலேயே இருக்கும். சிறிதளவு நீர் கூடினாலும் கொள்ளளவம் கணிசமாக ஏறுவதால், இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் கொள்ளளவத்தை ஏற்றுவது நீர் மட்டுமல்ல. நெல்லை உயரத்திலிருந்து கொட்டினால் நெருக்கமாக அடையும், வாசிப்பு கூடும். பதரும் வைக்கோல் துண்டும் கலந்திருந்தால் இடைவெளி விழும், வாசிப்பு குறையும். வெயிலில் சுடச்சுட அள்ளிய நெல்லும் காலையில் குளிர்ந்திருந்த நெல்லும் ஒரே ஈரத்தில் வெவ்வேறு எண்களைக் காட்டும். கருவியில் வெப்பநிலைத் திருத்தம் இருந்தாலும், கிண்ணத்தின் வெப்பநிலையும் நெல்லின் வெப்பநிலையும் சமமாவதற்குச் சிறிது நேரம் தேவை. சில கருவிகளில் கோதுமை, சோளம், நெல் என்று தெரிவுகள் இருக்கும். முன்பு வேறொருவர் சோளத்தில் விட்டுச்சென்றதை யாரும் கவனிக்காமல் நெல்லை அளப்பதும் நடக்கிறது.

உங்கள் விடயத்தில் இன்னொரு காரணத்தையும் நான் ஐயுறுகிறேன். அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கிய நெல்லை வீதியோரத்தில் ஒரு நாள் வெயிலில் காயவிட்டு அன்று மாலையே அளந்தால், உமியும் மணியின் வெளிப்புறமும் உலர்ந்திருக்கும். நடுப்பகுதியில் ஈரம் எஞ்சியிருக்கும். அந்த நிலையில் கருவி குறைத்தே காட்டும். மூடையில் கட்டி ஓர் இரவு வைத்தால் உள்ளீரம் வெளிப்புறத்துக்குப் பரவும். மறுநாள் வாசிப்பு ஏறிவிடும். முதல் நாள் 14.5, மறுநாள் 17 என்ற உங்கள் கதையின் ஒரு பங்காவது இதனால் வந்திருக்கலாம். எனவே அளப்பதானால், கட்டிவைத்த நெல்லில் வெவ்வேறு மூடைகளிலிருந்து மாதிரி எடுத்துக் கலந்து, பதரை நீக்கி, ஒரே உயரத்திலிருந்து ஒரே விதமாகக் கொட்டி, மூன்று நான்கு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

தாழ்ந்த மீடிறனில் அளக்கும் கருவிகளுக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. ஈரமான நெல்லில் கரைந்துள்ள உப்புகளினூடாக மின் கசிவதால், கொள்ளளவம் என்று நினைத்து அளப்பதில் கடத்தலும் கலந்துவிடும். மீடிறனை உயர்த்தினால் கசிவின் பங்கு குறையும். ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் தானிய ஈரத்துக்கான தனது அளவீட்டு முறையை 149 மெகாஹேர்ட்ஸ் என்ற உயர்ந்த மீடிறனில் அமைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊர்ச் சந்தையிலுள்ள மலிவான கருவிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

தகராறு வந்தால் தீர்ப்பளிக்க வேண்டியது கருவியல்ல, உலர்த்தும் அடுப்பு. அரைத்த நெல்லை நிறுத்து, 130 பாகை செல்சியஸ் அளவிலுள்ள அடுப்பில் குறித்த நேரம் உலர்த்தி மீண்டும் நிறுக்கும்போது இழந்த நிறையே ஈரம். ஆலையின் கருவி, உங்கள் ஊர்க் கருவி ஆகிய இரண்டையும் ஒரே மாதிரியில், அதே நாளில், அடுப்பு வசதியுள்ள ஓர் ஆய்வுகூடத்து வாசிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால், எது எவ்வளவு ஏற்றிக் காட்டுகிறது என்பது அந்தப் போகம் முழுவதற்கும் தெரிந்துவிடும். இதை விவசாயிகள் தனித்தனியே செய்வதைவிடக் கமக்கார அமைப்பின் ஊடாகச் செய்வதே மேல். ஆலைக்காரரும் அப்போதுதான் மறுக்க மாட்டார்.

கேள்வி: கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன்களின் ஒலியை இந்த முறையால் பதிவு செய்யலாமா?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: முடியாது. அதற்கு வேண்டியது நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி. ஆனாலும் உங்கள் கேள்வி தடங்கலை விட்டு முற்றாக விலகிவிடவில்லை. ஒலிக்கும் ஒரு தடங்கல் உண்டு. ஊடகத்தின் அடர்த்தியையும் அதில் ஒலி செல்லும் வேகத்தையும் பெருக்கி வருவது அது. நீரின் ஒலித்தடங்கல் வளியினுடையதைப் போல ஏறத்தாழ 3600 மடங்கு. அதனால் நீருக்குள் எழும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் நீர்ப்பரப்பைக் கடந்து வெளியே வரும். நம் ஊரில் தோணியில் போய்த் துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டவர்கள் இந்தக் கணக்கு தெரியாமலேயே சரியான வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒலி நீரிலிருந்து மரத்துக்கு இலகுவாகவே கடந்துவிடும்.

கேள்வி: சூரிய மின்தொகுதிகள் பொருத்துவது என் தொழில். பழைய லிதியம் கலங்களை விற்கும் கடைக்காரர், சிறு கருவியொன்றில் உள்தடையை மில்லியோமில் அளந்து காட்டுகிறார். அந்த எண்ணை நம்பி வாங்கலாமா?
(மின்னியலாளர், அக்கரைப்பற்று)

பதில்: அந்த எண் பொய்யல்ல, ஆனால் அது கூறுவது பாதிக் கதைதான். இத்தகைய சிறு கருவிகள் வழக்கமாக 1 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒரே மீடிறனில் அளக்கின்றன. அந்த மீடிறனில் முக்கியமாகத் தெரிவது மின்பகுபொருள், உலோகத் தகடுகள், இணைப்புகள் ஆகியவற்றின் தடையே. கலம் முதுமையடையும்போது மின்வாயின் மேற்பரப்பில் தடிக்கும் படையும், அங்கே லிதியம் அயன்கள் உட்புகுவதில் ஏற்படும் சிரமமும் அதைவிடத் தாழ்ந்த மீடிறன்களில், நாம் மேலே பார்த்த அரைவட்டம் விரிவதாகவே வெளிப்படும். 1 கிலோஹேர்ட்ஸில் சில பத்து மில்லியோம் மட்டுமே காட்டி, புதியதைப் போலத் தோன்றும் ஒரு கலம் தன் மின்சேமிப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்திருக்கவும் கூடும். உயர்ந்த எண் வந்தால் அந்தக் கலத்தை ஒதுக்கிவிடலாம். தாழ்ந்த எண் வந்தால் மட்டும் ஏற்றுக்கொண்டுவிட முடியாது. வாங்குமுன் சிலவற்றையாவது முழுமையாக மின்னேற்றி, தெரிந்த சுமையில் இறக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள்ளன. மில்லியோம் அளவில் கம்பியின் தடையும் தொடுகையின் தடையும் கலத்தின் தடையைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே மின்னோட்டத்தைச் செலுத்த இரு முனைகளும் வோல்ற்றளவை அளக்க வேறு இரு முனைகளுமாக நான்கு தொடுகையுள்ள கருவியே வேண்டும். கலத்தின் வெப்பநிலையும் அதிலிருக்கும் மின்னேற்ற அளவும் மாறினால் எண்ணும் மாறும். எனவே கலங்களை ஒப்பிடுவதானால் எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும். சாதாரண மல்டிமீற்றரின் ஓம் பகுதியை ஒருபோதும் பற்றரியின் முனைகளில் வைக்காதீர்கள். ஈய-அமிலப் பற்றரிகளைப் பொருத்துமிடங்களில், பொருத்திய அன்றே ஒவ்வொன்றினதும் எண்ணைப் பற்றரியின் மேலேயே எழுதி வையுங்கள். பின்னர் அந்த எண் அரைப்பங்கு கூடியிருந்தால் அந்தப் பற்றரியை ஐயத்துக்குரியதாகக் கொள்ளலாம். தனியொரு நாளின் எண்ணைவிட இந்தப் பதிவேடு பெறுமதி மிக்கது.

கேள்வி: கடற்கரைக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டுத் தூண்களில் நெடுக்காக வெடிப்புகள் தோன்றியுள்ளன. உள்ளேயுள்ள கம்பி கறள் பிடித்துவிட்டதா என்று உடைக்காமல் அறிய இம்முறை உதவுமா?
(வாசகர், கல்லடி)

பதில்: ஆய்வுகூடத்தில் உதவும், உங்கள் தூணுக்கு அவசியமில்லை. நல்ல கொங்கிறீட்டின் உள்ளீரம் மிகவும் காரத்தன்மை வாய்ந்தது. அதன் பிஎச் பெறுமானம் 13 ஐ அண்மித்திருக்கும். அந்தச் சூழலில் உருக்கின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படையொன்று உருவாகிக் கறளைத் தடுக்கிறது. கழுவாத கடல் மணலாலோ, சவர்த் தண்ணீரால் குழைத்ததாலோ, கடற்காற்றாலோ குளோரைட்டு உள்ளே சென்றால் அந்தப் படை அங்கங்கே உடைந்துவிடும். கறள் தான் தின்ற உருக்கைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால், கம்பியின் போக்கிலேயே கொங்கிறீட் பிளக்கிறது. நெடுக்கான வெடிப்பு பெரும்பாலும் இதன் அடையாளமே. அதை உறுதிப்படுத்தச் சுத்தியலால் தட்டிப் பார்த்துப் பொள்ளல் ஒலி கேட்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒரு குடிசார் பொறியியலாளரை அழைத்துவருவதே முறை.

வெடிப்பு இன்னும் தோன்றாத பாலங்களிலும் பெரிய கட்டடங்களிலும்தான் மின்முறைகள் உதவுகின்றன. செப்பு-செப்புச் சல்பேற்று ஒப்பீட்டு மின்வாயை மேற்பரப்பில் வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும்போது, அது 350 மில்லிவோல்றுக்கு மேல் மறைப் (−) பக்கமாகச் சென்றால் அவ்விடத்தில் கறள் நடைபெறும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேற்பட்டது என்பது நெடுங்கால நடைமுறை. தடங்கல் முறை அதைவிட ஒரு படி மேலே சென்று கறளின் வேகத்தையே மதிப்பிட உதவும். ஆனால் அதற்கு மில்லிஹேர்ட்ஸ் வரை இறங்க வேண்டும். 1 மில்லிஹேர்ட்ஸில் ஒரே ஒரு சுற்று முடிய 1000 செக்கன், அதாவது 16 நிமிடத்துக்கு மேல், ஆகும். அதற்குள் வெயில் ஏறித் தூண் சூடாகி அளவீடே மாறிவிடும். இம்முறை வெகு பொருத்தமாக அமைவது தீந்தைப் பூச்சுகளைச் சோதிப்பதில்தான். உலோகத்தின் மீதுள்ள நல்ல பூச்சொன்று தாழ் மீடிறனில் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் நூறு கோடி ஓம் அளவில் காட்டும். அது பத்து இலட்சம் ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால், கண்ணுக்குப் பூச்சு பளபளவென்று தெரிந்தாலும், நீர் அதனூடாக உலோகத்தை எட்டிவிட்டது என்று பொருள்.

கேள்வி: உடற்கொழுப்பைக் காட்டும் தராசு வாங்கினோம். நோன்பு காலத்தில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக் காட்டுகிறது. ஒரே நாளில் கொழுப்பு கூடிக் குறையுமா?
(வாசகி, காத்தான்குடி)

பதில்: கூடியதும் குறைந்ததும் கொழுப்பல்ல, நீர். அந்தத் தராசு ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு, வழக்கமாக 50 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில், ஒரு மில்லியம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தைச் செலுத்தித் தடங்கலை அளக்கிறது. நீரும் உப்பும் நிறைந்த தசை மின்னை இலகுவாகக் கடத்தும். கொழுப்பில் நீர் குறைவு என்பதால் அது கடத்துவதும் குறைவு. கிடைத்த தடங்கலை உங்கள் உயரம், நிறை, வயது, பால் ஆகியவற்றோடு சேர்த்து, பலரை ஆராய்ந்து பெற்ற ஒரு சமன்பாட்டில் இட்டே கொழுப்பின் சதவீதம் கணக்கிடப்படுகிறது. நோன்பு திறக்கும் நேரத்தில் உடலில் நீர் குறைந்திருக்கும், தடங்கல் கூடும், தராசு அதைக் கொழுப்பென்று எழுதிவிடும். ஒரே நேரத்தில், ஒரே நிலையில் எடுத்த எண்களை மாதக் கணக்கில் ஒப்பிட்டால் மட்டுமே பயனுண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தத் தராசில் ஏறக் கூடாது.

இதன் பின்னணியிலுள்ள பௌதிகவியல் அழகானது. தாழ்ந்த மீடிறனில் மின்னோட்டம் உயிர்க்கலங்களைச் சுற்றியே ஓடும். உயர்ந்த மீடிறனில் கலமென்சவ்வையும் ஊடறுத்து உள்ளே போகும். சவ்வு ஒரு கொள்ளளவி என்பதே காரணம். 1925 இல் ஹியூகோ பிரிக் செங்குருதிக் கலங்களின் மீது செய்த அளவீட்டிலிருந்து, சவ்வின் கொள்ளளவம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.81 மைக்ரோபரட் எனப் பெற்று, அதன் தடிப்பு 3.3 நனோமீற்றர் என்று கணித்தார். எந்த நுணுக்குக்காட்டியாலும் அந்தச் சவ்வைக் காண முடியாதிருந்த காலம் அது.

கேள்வி: ஐஸில் வைத்த மீன் எத்தனை நாள் பழையது என்று சொல்லும் கருவி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
(மீன் வியாபாரி, வாழைச்சேனை)

பதில்: உண்மை. ஸ்கொட்லாந்தின் அபர்டீனிலிருந்த டொறி ஆய்வு நிலையத்தில் உருவானதால் டொறிமீற்றர் என்று அதற்குப் பெயர். மேலே கூறிய கலமென்சவ்வுகள் மீன் இறந்த பின் நாளடைவில் சிதைவதால், கொள்ளளவிப் பண்பு குறைந்து அவத்தைக் கோணம் தளர்கிறது. மீனின் தோலில் வைத்தால் கருவி அதையே ஓர் எண்ணாகக் காட்டும். நாட்களை அது எண்ணுவதில்லை. ஒவ்வொரு மீன் இனத்துக்கும், பாரைக்கு வேறு, கொடுவாவுக்கு வேறு என்று, முதலில் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தாக வேண்டும். உறையவைத்து உருக்கிய மீனில் பனிப்படிகங்கள் சவ்வுகளைக் கிழித்துவிடுவதால், அது எவ்வளவு நல்ல மீனாக இருந்தாலும் கருவி பழையது என்றே சொல்லும். உங்கள் வியாபாரத்துக்குச் செவுளின் நிறத்தையும் கண்ணின் தெளிவையும் பார்ப்பதே போதுமானது.

கேள்வி: இறுதியாண்டுச் செயற்றிட்டமாக நீரின் தரத்தை அறியும் மலிவான தடங்கல் அளவியொன்றை அமைக்க விரும்புகிறேன். ஏடி5933 என்ற சில்லைப் பயன்படுத்தலாமா?
(பொறியியல் மாணவர், ஒலுவில்)

பதில்: பயன்படுத்தலாம்; ஆனால் அப்படியே நீரில் இணைக்கக் கூடாது. அந்தச் சில்லு 100 கிலோஹேர்ட்ஸ் வரை தானே சைகையை உருவாக்கி, தானே கணித்து, மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் தந்துவிடும். ஆனால் அது இயல்பாக அளப்பது 1 கிலோஓம் முதல் 10 மெகாஓம் வரையே. உவர் நீரின் தடங்கலோ சில பத்து ஓமாக இருக்கும். எனவே வெளியே ஒரு பெருக்கிச் சுற்று தேவை. மேலும் அதன் வெளியீட்டு முனையிலும் உள்ளீட்டு முனையிலும் நேரோட்ட அழுத்தம் சமமாக இல்லாததால், முதற் கேள்வியில் கண்ட அதே ஏற்றத் திரள்வு (முனைவாக்கம்) உங்கள் மின்வாய்களிலும் வந்துவிடும். கொள்ளளவி ஒன்றின் ஊடாக இணைத்து அதைத் தடுக்க வேண்டும். அது தரும் மிகக் குறைந்த சைகையும் மின்வாய் வினைகளை ஆராய்வதற்கு அதிகமாகையால், ஒரு தணிப்பான் சேர்ப்பதும் நன்று. ஒவ்வொரு மீடிறனிலும் பெறுமானம் தெரிந்த தடையால் அளவுதிருத்தம் செய்யுங்கள்.

தரவைப் பெறுவதைவிட அதற்குப் பொருள் கூறுவதே கடினம். ஜோன் றாண்டில்ஸ் 1947 இல் முன்வைத்த சமவலுச் சுற்று (மின்வாயைப் போலவே நடந்துகொள்ளும், தடை, கொள்ளளவி போன்றவற்றாலான சுற்று) போன்ற ஒன்றைத் தரவுக்குப் பொருத்துவது வழக்கம். ஆனால் உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த வளைகோட்டுக்கும் எந்தச் சுற்றையும் பொருத்திவிடலாம்; வெவ்வேறு சுற்றுகள் ஒரே தடங்கலைத் தருவதும் உண்டு. ஒவ்வோர் உறுப்பும் நீரில் அல்லது மின்வாயில் எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் அதைச் சேர்க்க வேண்டாம். அளக்கும் வேளையில் தொகுதி மாறாமல் இருந்ததா என்பதை அறிய, உயர் மீடிறனிலிருந்து இறங்கி ஒருமுறையும் தாழ் மீடிறனிலிருந்து ஏறி ஒருமுறையும் அளந்து இரு வளைகோடுகளையும் மேற்பொருத்துங்கள். பொருந்தாவிட்டால் அந்தத் தரவை விட்டுவிட்டு மின்வாயைச் சுத்தம் செய்வதே வழி. இன்னொன்று, நைக்விஸ்ற் வரைபடத்தின் இரு அச்சுகளையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரையுங்கள். மென்பொருள் தன்னிச்சையாக நீட்டிவிட்ட அச்சில் அமுங்கிய அரைவட்டம் முழு அரைவட்டமாகவும், 45 பாகைக் கோடு செங்குத்தாகவும் தோன்றும். பரீட்சகர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.